ஆலோசனைக்குக் கூலி: பேசித் தொடங்குவோம், பேசியபடி முடிப்போம்

(ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றிய நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.



வியாபாரத்தில் நேர்மை, எடையில் நேர்மை என்று இந்த மிம்பரில் பலமுறை பேசியிருக்கிறோம். கேட்பவர்களுக்கு உடனே மளிகைக் கடையும் தராசும் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இன்று நம் ஜமாஅத்தில் தராசு இல்லாமல் தொழில் செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். இன்ஜினியர்கள், கணக்கர்கள், கம்ப்யூட்டர் வேலை செய்பவர்கள், வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பித் தனியாக ஆலோசனைத் தொழில் நடத்துபவர்கள். இவர்கள் விற்பது அறிவை. அறிவுக்கு எடைக்கல் கிடையாது. அப்படியானால் அதற்கு எப்படி விலை சொல்வது? எவ்வளவு கேட்பது ஹலால்? இதுதான் இன்றைய பேச்சு.

ஒரு தம்பியின் கேள்வி

பத்து நாட்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு தம்பி என் அறைக்கு வந்தார். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். ஒரு கட்டடத்துக்கு எத்தனை தூண், எவ்வளவு கம்பி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போட்டு டிராயிங் கொடுப்பவர். ஒன்பது வருடம் கம்பெனியில் மாதச் சம்பளத்தில் இருந்தார். இரண்டு வருடமாகத் தனியாகச் செய்கிறார். அவரிடம் அனுமதி வாங்கித்தான் இதைச் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன்.

"ஹஜ்ரத், என் வேலைக்கு எவ்வளவு கேட்கலாம்? அதிகமாக் கேட்டா அல்லாஹ்கிட்ட குற்றமாயிடுமோன்னு பயமா இருக்கு. கம்மியாக் கேட்டா குடும்பம் நடத்த முடியல" என்றார்.

என்ன நடந்தது என்று கேட்டேன். ஒரு மாடி வீட்டுக்கு டிராயிங் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். தெரிந்தவர் என்பதால் மொத்தமாக 35,000 ரூபாய் என்று வாய்ப்பேச்சாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் நான்கு முறை பிளானை மாற்றினார். ஒரு சுவரை நகர்த்தினால் தூண் நகரும், தூண் நகர்ந்தால் மொத்தக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். நான்கு முறையும் போட்டுக் கொடுத்தார். தூண் எழும்பும் நேரத்தில் வாங்கிய பணம் தீர்ந்துவிட்டது. சைட் 40 கிலோமீட்டர் தூரம். போகவில்லை.

ஒரு நாள் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவர் எட்டிப் பார்த்திருக்கிறார். தூண் கம்பிக்கு ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங் கட்டச் சொல்லி டிராயிங் கொடுத்திருந்தார். ஒன்பது அங்குலத்துக்கு ஒன்று கட்டியிருந்தார்கள். மறுநாள் காலையில் கான்கிரீட் போட ஏற்பாடு. ஓடிப்போய் நிறுத்திச் சரிசெய்ய வைத்தார்.

சொல்லும்போதே அந்தத் தம்பிக்குக் குரல் உடைந்துவிட்டது. "ஹஜ்ரத், அன்னைக்கு நான் அந்தப் பக்கம் போனது தற்செயல். போகலைன்னா?" என்றார்.

சகோதரர்களே! அந்த வீட்டில் நாளை ஒரு குடும்பம் பிள்ளைகளோடு தூங்கப் போகிறது. கூலியைச் சரியாகப் பேசாததும், மாற்றத்துக்குத் தனிக் கூலி உண்டா, சைட்டுக்கு எத்தனை முறை வர வேண்டும் என்று எழுதாததும் கடைசியில் எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது பாருங்கள்.

அறிவுக்குக் கூலி வாங்கலாமா?

"ஒரு பேப்பரில் நாலு கோடு போட்டதுக்கு இவ்வளவா?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. கொத்தனாருக்குக் கூலி கொடுக்கும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர் செங்கல் அடுக்குவது கண்ணுக்குத் தெரிகிறது. இன்ஜினியர் அடுக்குவது தெரிவதில்லை.

நாயகம் (ஸல்) அவர்களுடைய வாழ்க்கையைப் பாருங்கள். ஹிஜ்ரத் பயணம். உயிருக்கு ஆபத்தான நேரம். நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் பனூ தீல் கோத்திரத்தைச் சேர்ந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் சுமை தூக்க வந்தவர் அல்ல, வழி தெரிந்தவர். பாலைவனப் பாதைகளில் கைதேர்ந்த நிபுணர். அவர் அப்போது முஸ்லிமும் அல்ல, குறைஷிகளின் மார்க்கத்திலேயே இருந்தார். ஆனாலும் அவரை நம்பித் தங்களுடைய இரண்டு ஒட்டகங்களை ஒப்படைத்தார்கள். மூன்று இரவுகள் கழித்து ஸவ்ர் குகைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நாளும் இடமும் பேசினார்கள். ஸஹீஹுல் புகாரியில், கூலிக்கு அமர்த்துவதைப் பற்றிய பாடத்தில் இந்தச் சம்பவத்தை இமாம் புகாரி (ரஹ்) கொண்டுவருகிறார்கள்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள். அறிவுக்குக் கூலி உண்டு. திறமையும் நம்பிக்கையும் உள்ளவரைத் தேட வேண்டும். என்ன வேலை, எந்த நாள், எந்த இடம் என்று முதலிலேயே பேச வேண்டும்.

நபி (ஸல்) அவர்களுக்கு அபூதைபா என்பவர் இரத்தம் குத்தி எடுத்தார். சிறிய நேர வேலைதான். நபியவர்கள் அவருக்கு உணவு தானியம் கொடுக்கச் சொன்னார்கள். அத்தோடு விடாமல், அவருடைய எஜமானர்களிடம் பேசி அவர் செலுத்த வேண்டிய தொகையையும் குறைக்கச் செய்தார்கள். வேலை எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை மட்டும் பார்க்காமல், செய்தவருடைய நிலையையும் பார்த்தார்கள்.

"பார்த்துப் போட்டுக் கொடுங்க"

நம் ஊரில் ஒரு வார்த்தை இருக்கிறது. வேலை கொடுப்பவர் சொல்வார்: "உங்களுக்குத் தெரியாததா, பார்த்துப் போட்டுக் கொடுங்க." வேலை செய்பவரும் சொல்வார்: "நமக்குள்ள என்ன, பிறகு பார்த்துக்கலாம்." இரண்டு பேரும் இதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். முடிவில் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமல் போகிறார்கள்.

ஃபிக்ஹுடைய பாடத்தில் இஜாரா ஒப்பந்தத்துக்கு அடிப்படை நிபந்தனை, வேலையும் தெரிய வேண்டும், கூலியும் தெரிய வேண்டும் என்பது. சண்டைக்குக் கொண்டுபோகும் அளவுக்குத் தெளிவில்லாமல் இருந்தால் அந்த ஒப்பந்தம் ஃபாஸிதாகிவிடும். அந்த நிலையில் வேலை முடிந்துவிட்டால் 'உஜ்ரத்துல் மிஸ்ல்', அதாவது அந்த வேலைக்கு அந்த ஊரில் வழக்கமாக உள்ள கூலியைக் கொடுக்க வேண்டும் என்று ஃபுகஹாக்கள் சொல்கிறார்கள். வேலை செய்தவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் ஒரு முஃமின் அந்த நிலைமைக்கே போகக் கூடாது.

மூஸா (அலை) அவர்களின் சரித்திரத்தை ஸூரத்துல் கஸஸில் ஓதுகிறோம். மத்யனில் இரண்டு பெண்களுடைய ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டினார்கள். கூலி கேட்கவில்லை, நிழலில் போய் உட்கார்ந்து அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். அந்தப் பெண்களின் தந்தை ஆள் அனுப்பி, செய்த வேலைக்குக் கூலி கொடுக்க அழைத்தார். பிறகு வேலைக்கு அமர்த்தும் பேச்சு வந்தபோது அந்த மகள் சொன்ன தகுதி இரண்டு. வலிமை, நம்பகத்தன்மை. இன்றைய மொழியில் சொன்னால் திறமையும் அமானிதமும். அந்தப் பெரியவர் கணக்காகப் பேசினார்: எட்டு வருடம் கட்டாயம், பத்து வருடமாக்கினால் அது உங்கள் விருப்பம், உங்களைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை. மூஸா (அலை) அவர்களும் தெளிவாகச் சொன்னார்கள்: இந்த இரண்டில் எதை முடித்தாலும் என்மீது வரம்பு மீறக் கூடாது, நாம் பேசுவதற்கு அல்லாஹ் சாட்சி.

கவனியுங்கள். எது கட்டாயம், எது விருப்பம் என்று பிரித்துப் பேசியிருக்கிறார்கள். ஒருவர் நபி, இன்னொருவர் நல்லடியார். அவர்களே "பிறகு பார்த்துக்கலாம்" என்று சொல்லவில்லை. மூஸா (அலை) அவர்கள் இரண்டில் அதிகமானதையே நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னதாகப் புகாரியில் வருகிறது. கட்டாயம் எது என்று முதலில் எல்லை கட்டியதால்தான் மேலதிகமாகச் செய்தது இஹ்ஸானாக நின்றது.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது? ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம். எழுதுவது அவநம்பிக்கை அல்ல. எழுதச் சொன்னவன் அல்லாஹ்.

ஆகவே தனியாகத் தொழில் செய்யும் சகோதரர்கள் ஒரு பக்கத்தில் இவற்றை எழுதிக் கொடுங்கள். என்ன வேலை செய்து தருவேன், எது இதில் அடங்காது. எத்தனை முறை மாற்றித் தருவேன், அதற்கு மேல் மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு. எத்தனை முறை சைட்டுக்கு வருவேன். பணம் எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு தர வேண்டும். ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா. ஜிஎஸ்டி பதிவில் இருப்பவர் ஒரு லட்சம் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் 18 சதவீதம் சேர்த்து 1,18,000 ரூபாய்க்கு பில் கொடுத்தால், வாங்குபவர் மனம் ஒப்புமா? ஒருவர் பொருளை ஒருவர் பரஸ்பரத் திருப்தியோடுதான் அடைய வேண்டும் என்று ஸூரத்துன் நிஸாவின் 29ஆவது வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. கடைசி நேரத்தில் தெரிய வருவதில் திருப்தி எங்கிருந்து வரும்?

கூலி பேசும் முறையிலும் தெளிவு வேண்டும். ஃபிக்ஹில் 'அஜீர் காஸ்' என்றும் 'அஜீர் முஷ்தரக்' என்றும் இரண்டு வகையினரைப் படிக்கிறோம். முதலாமவர் ஒருவருக்காகத் தன் நேரத்தையே ஒப்படைப்பவர். குறித்த நேரத்தில் ஆஜரானால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்குக் கூலி உண்டு. இரண்டாமவர் தையற்காரரைப் போல, பலருக்கும் வேலை செய்பவர். வேலையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. மாதம் இத்தனை நாள் உங்கள் கம்பெனிக்கு என்று ஒதுக்கிக் கொடுப்பவர் முதல் வகைக்கு நெருக்கம். வீட்டுக்கு மொத்தமாக டிராயிங் போட்டுத் தருபவர் இரண்டாம் வகை. நீங்கள் எந்த வகை என்பதை இரு தரப்பும் புரிந்துகொள்ள வேண்டும். இதில் பேரைக் காட்டி அதில் கூலி கேட்கக் கூடாது.

இன்னொரு முறை, கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்பது. இதில் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. மூன்று சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 லட்சத்தில் வீடு முடிந்தால் இன்ஜினியருக்கு 1,20,000. அதே வீடு 50 லட்சம் ஆனால் 1,50,000. அதாவது வீட்டுக்காரருக்குச் செலவு கூடக்கூட ஆலோசகருக்கு லாபம் கூடுகிறது. செலவைக் குறைத்துக் கொடுத்தால் அவர் கூலி குறைகிறது. நஃப்ஸுக்கு இது நல்ல இடமல்ல. ஆகவே ஆரம்பத்திலேயே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்பீட்டை வைத்து ஒரு தொகையாக நிர்ணயித்துவிடுவது பேணுதலானது. சதவீத ஒப்பந்தம் உள்ளவர்கள் அதைக் கொண்டுவந்து ஆலிம்களிடம் காட்டி விளக்கம் பெறுங்கள்.

எவ்வளவு கேட்பது?

மதீனாவில் ஒருமுறை விலைவாசி ஏறியது. மக்கள் வந்து விலை நிர்ணயிக்கச் சொன்னார்கள். விலையை ஏற்றி இறக்குபவன் அல்லாஹ்தான், யாருடைய பொருளிலும் நான் அநியாயம் செய்ததாக ஒருவரும் என்மீது முறையிடாத நிலையில் அவனைச் சந்திக்க விரும்புகிறேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. ஆகவே ஒரு இன்ஜினியர் மணிக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று மார்க்கம் எண் சொல்லவில்லை. அநியாயம் இருக்கக் கூடாது என்று எல்லை சொல்லியிருக்கிறது. அநியாயம் பிறருக்கும் கூடாது, தன் குடும்பத்துக்கும் கூடாது.

அந்தத் தம்பியிடம் ஒரு தாளை எடுக்கச் சொன்னேன். அவருக்குக் கணக்கு தெரியும், எனக்குக் கேள்வி தெரியும். "கம்பெனியில் என்ன சம்பளம்?" "60,000." "மாதம் எத்தனை மணி நேரம்?" "25 நாள், எட்டு மணி நேரம், 200 மணி நேரம்." அப்படியானால் மணிக்கு 300 ரூபாய். அந்த 300 ரூபாயைத்தான் அவர் தனியாக வந்த பிறகும் தன் விலையாக வைத்திருந்தார்.

"இப்போது வருடத்தில் எத்தனை நாள் வேலை?" 270 நாள் என்றார். "ஒரு நாளில் எத்தனை மணி நேரத்துக்குக் காசு வருகிறது?" யோசித்துவிட்டு நான்கு என்றார். மீதி நேரம் எங்கே போகிறது? பயணத்தில், மதிப்பீடு எழுதுவதில், போனில் பதில் சொல்வதில், புதிய விதிகளைப் படிப்பதில், பாக்கிப் பணம் கேட்டு அலைவதில். ஆக வருடத்துக்கு 1,080 மணி நேரம். மணிக்கு 300 என்றால் 3,24,000 ரூபாய். சாஃப்ட்வேர், கம்ப்யூட்டர், பெட்ரோல், அலுவலக வாடகை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 2,40,000 செலவு. மிச்சம் 84,000. மாதம் 7,000 ரூபாய்! ஒன்பது வருட அனுபவம் உள்ள இன்ஜினியருக்கு!

பிறகு திருப்பிக் கணக்குப் போட்டோம். குடும்பத்துக்கு வருடம் 7,20,000. தொழில் செலவு 2,40,000. வேலை இல்லாத மாதங்களுக்காக ஒதுக்க வேண்டியது 1,20,000. மொத்தம் 10,80,000. அதை 1,080 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 1,000 ரூபாய். இது அவருடைய கணக்கு. உங்கள் கணக்கு வேறாக இருக்கும். வரி, ஜகாத் எல்லாவற்றையும் உங்கள் தாளில் நீங்கள் எழுதிப் பாருங்கள். அனுபவமும் பொறுப்பும் கூடினால் தொகையும் கூடும், அதில் தவறில்லை. சந்தையில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

அந்தத் தம்பி குறைவாகக் கேட்டதைத் தக்வா என்று நினைத்திருந்தார். நான் சொன்னேன்: "தம்பி, குறைத்துக் கேட்டீங்க. பிறகு கட்டுப்படியாகாம சைட்டுக்குப் போகல. அப்ப நீங்க குறைச்சது கூலியை மட்டுமா? வேலையையும் குறைச்சுட்டீங்க." ஸூரத்துல் முதஃப்பிஃபீன், 83ஆவது அத்தியாயம், தனக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்ற எச்சரிக்கையோடு தொடங்குகிறது. பத்து முறை பார்க்க வேண்டிய சைட்டை இரண்டு முறை பார்ப்பதும் அளவில் குறைப்பதுதான். முழுமையாகச் செய்ய முடிகிற கூலியைக் கேளுங்கள், பிறகு முழுமையாகச் செய்யுங்கள்.

மறுபக்கமும் உண்டு. நான்கு மணி நேரம் செய்துவிட்டு ஏழு மணி நேரம் என்று பில்லில் எழுதுவது பச்சைப் பொய். வந்தவருக்கு விலை தெரியாது என்று தெரிந்துகொண்டு ஊரில் இல்லாத தொகையைத் தலையில் கட்டுவதும் அநியாயம். விலை நிலவரம் தெரியாமல் நம்பி வருபவரை 'முஸ்தர்ஸில்' என்று பெயரிட்டு ஃபுகஹாக்கள் தனியாகவே பேசியிருக்கிறார்கள். வீடு கட்டுபவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறை கட்டுபவர்கள். அவர்கள் எல்லோருமே முஸ்தர்ஸில்தான்.

ஏழைக்குக் குறைத்துச் செய்ய வேண்டுமா? தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கூலி 40,000, உங்களுக்காக 20,000 குறைத்திருக்கிறேன் என்று தெளிவாக்கிவிடுங்கள். அந்த 20,000 உங்கள் ஸதகா. வேலையில் மட்டும் ஒரு ரூபாய்க்குக்கூடக் குறைவு வைக்காதீர்கள்.

கம்பிக் கடையின் கவர்

அந்தத் தம்பி இன்னொன்றும் கேட்டார். ஒரு கம்பிக் கடையிலிருந்து கவர் வந்திருக்கிறது. "உங்க ஆளு எங்ககிட்ட கம்பி வாங்கினார், இது உங்களுக்கு" என்று. வாங்கலாமா?

ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதத்தைச் சுமப்பவர் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவாகியிருக்கிறது. நன்மை வேறொன்றில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே ஒருவர் தன் சகோதரனுக்கு மாற்றி ஆலோசனை சொன்னால் அவர் துரோகம் செய்துவிட்டார் என்ற கருத்திலும் ஹதீஸ் இருக்கிறது. கவர் வாங்கிய கை, நாளை அந்தக் கடையில் தரமில்லாத கம்பி இருந்தால் சுட்டிக்காட்டுமா?

ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தன் தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரி, முஸ்லிமில் உள்ள செய்தி. அவர் அரசு ஊழியர், நாம் தனியார் ஆலோசகர்தான். ஆனால் அதே கேள்வியை நம்மிடம் கேட்டுப் பார்க்கலாம். நான் அந்த வீட்டுக்காரருக்கு ஆலோசகராக இல்லையென்றால் இந்தக் கவர் என் வீடு தேடி வந்திருக்குமா? வராது. அப்படியானால் அது வீட்டுக்காரருக்குச் சேர வேண்டிய தள்ளுபடி. அவரிடம் கொடுத்துவிடுங்கள், அல்லது கடைக்காரரிடம் பில்லிலேயே குறைக்கச் சொல்லுங்கள்.

சிலர் சொல்வார்கள்: "ஹஜ்ரத், கூலி கம்மியாத்தான் வாங்குறோம், இதுலதான் சரிக்கட்டுறோம்." அதனால்தான் முதலிலேயே சொன்னேன், கூலியை நேராகக் கேளுங்கள் என்று. முன்வாசலில் கேட்க வெட்கப்பட்டுப் பின்வாசலில் எடுப்பது அமானிதமாகாது. உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் இருவருடைய வியாபாரத்திலும் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து.

வேலை கொடுப்பவர்களே!

இதுவரை இன்ஜினியர்களிடம் பேசினேன். இப்போது அவர்களிடம் வேலை வாங்குபவர்களுக்கு.

தொழிலாளியின் வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஏசி அறையில் உட்கார்ந்து செய்த வேலைக்கு வியர்வை ஏது என்று நினைக்காதீர்கள். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராகக் கியாமத் நாளில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்லும் ஹதீஸ் குத்ஸி புகாரியில் இருக்கிறது. எதிர்த் தரப்பில் அல்லாஹ் நின்றால் நமக்கு யார் வாதாடுவார்? வசதி இருந்தும் கொடுக்க வேண்டியதை இழுத்தடிப்பது அநியாயம் என்றும் நபியவர்கள் சொன்னார்கள். நம் நாட்டுச் சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில் செய்பவருக்குத் தர வேண்டிய தொகையை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

பாக்கி உள்ள சகோதரர்கள் இந்தச் சட்டப்படி அசலைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் தாமதத்துக்காகச் சட்டம் கூட்டு வட்டியும் போடச் சொல்கிறது. அந்த வட்டி நமக்குக் கூடாது. "தாமதமானால் மாதம் இத்தனை சதவீதம்" என்று நாமாக ஒப்பந்தத்தில் எழுதுவதும் கூடாது. அதற்குப் பதில் கட்டம் கட்டமாக முன்பணம் வாங்குங்கள். இந்தக் கட்டத் தொகை வந்த பிறகே அடுத்த டிராயிங் என்று எழுதுங்கள். உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுங்கள். அதைத்தான் ஸூரத்துல் பகராவின் 280ஆவது வசனம் நமக்குச் சொல்கிறது.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் பற்றித் தபரானீயில் ஒரு சம்பவம் வருகிறது. அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்கு விலை பேசப்பட்டது. குதிரையைப் பார்த்ததும், உங்கள் குதிரை இதைவிட மதிப்புள்ளது என்று விற்பவரிடம் சொல்லி, தாங்களே விலையை ஏற்றிக்கொண்டே போய் 800 கொடுத்தார்கள். ஏன்? எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபியவர்களிடம் பைஅத் செய்திருக்கிறேன் என்றார்கள். நாமோ, அனுபவமில்லாத பிள்ளை குறைத்துச் சொல்லிவிட்டால் "நல்ல ஆளு மாட்டினான்" என்று சந்தோஷப்படுகிறோம்.

நம் பள்ளிவாசலின் கணக்கு

கடைசியாக ஒன்று. அந்தத் தம்பி போன பிறகு எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நம் பள்ளிவாசலின் மேல்மாடி கட்டினோமே, அதற்கு டிராயிங் போட்டது இந்த ஜமாஅத்தைச் சேர்ந்த இன்னொரு இன்ஜினியர். மாதக்கணக்கில் வந்து போனார். அவரிடம் முதலில் யாரும் கூலி பேசவில்லை. வேலை முடிந்ததும் ஒரு சால்வை போர்த்தினோம். "அல்லாஹ்வின் வீட்டு வேலைக்குக் கணக்குப் பார்க்கலாமா, கூலி மறுமையில் கிடைக்கும்" என்று சொன்னது யார் தெரியுமா? நான்தான். இதே இடத்தில் நின்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மனப்பூர்வமாகத் தலையாட்டினாரா, கூட்டத்துக்கு முன்னால் வேறு வழியில்லாமல் தலையாட்டினாரா? நான் கேட்கவே இல்லை.

இலவசமாகச் செய்வதற்கு மார்க்கத்தில் பெரிய முன்மாதிரிகள் உண்டு. ஸூரத்துல் கஹ்ஃபை இன்று ஓதியிருப்பீர்கள். விழ இருந்த சுவரைக் கிள்று (அலை) அவர்கள் கூலியில்லாமல் நிமிர்த்தினார்கள். அநாதைகளின் புதையல் அதற்குக் கீழே இருந்தது. துல்கர்னைன் அவர்களிடம் மக்கள் பொருள் தருகிறோம், தடுப்புக் கட்டித் தாருங்கள் என்றார்கள். என் இறைவன் எனக்குத் தந்திருப்பதே மேலானது, நீங்கள் உழைப்பால் உதவுங்கள் என்று சொல்லி, இரும்புப் பாளங்களைக் கொண்டுவரச் செய்து, உருக்கிய செம்பை ஊற்றிக் கட்டினார்கள். கவனியுங்கள், அந்த மக்கள் முதலில் கூலி தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொன்னது துல்கர்னைன். இலவசம் என்பது செய்பவர் வாயிலிருந்து வர வேண்டும். வாங்குபவர் வாயிலிருந்து வந்தால் அதற்குப் பெயர் தர்மமல்ல.

இந்த வாரம் முத்தவல்லி அவர்களிடமும் நிர்வாகத்தினரிடமும் பேசினேன். அல்ஹம்துலில்லாஹ், ஒத்துக்கொண்டார்கள். அந்தச் சகோதரரைத் தனியாக அழைத்து, ஊர் வழக்கப்படியுள்ள கூலியைக் கேட்டுக் கொடுப்பது. அவர் வாங்கினாலும் சந்தோஷம், பள்ளிக்கே திருப்பிக் கொடுத்தாலும் அது அவர் இஷ்டம். யாரும் அவரிடம் போய் "வாங்குனீங்களா?" என்று விசாரிக்க வேண்டாம். இனிமேல் பள்ளிவாசலின் எந்த வேலையும், எலக்ட்ரீஷியன் வேலையாக இருந்தாலும், கூலியைப் பேசி எழுதிய பிறகே தொடங்கும். அந்தச் சகோதரர் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். நான் அன்று பேசியதற்கு என்னை மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சகோதரர்களே! குகையில் சிக்கிய மூவரின் ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். ஒருவர், தன்னிடம் வேலை செய்து கூலியை வாங்காமல் போனவரின் பங்கைப் பெருக்கி வைத்து, அவர் திரும்பி வந்தபோது அத்தனையையும் கொடுத்தார். இக்கட்டான நேரத்தில் அதைச் சொல்லித் துஆ கேட்டார்கள், பாறை விலகியது. நம் வாழ்க்கையிலும் பாறை வந்து அடைக்கும் நாள் வரும். அன்று அல்லாஹ்விடம் எடுத்துச் சொல்ல, நேர்மையாகக் கொடுத்த ஒரு கூலியும் நேர்மையாக வாங்கிய ஒரு கூலியும் நம்மிடம் இருக்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வாயாக! அறிவைக் கொண்டு தொழில் செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கு அமானிதத்தையும் தைரியத்தையும் தருவாயாக! கேட்க வெட்கப்பட்டு நஷ்டப்படுவதிலிருந்தும், வெட்கமின்றிப் பிறர் பொருளை எடுப்பதிலிருந்தும் அவர்களைப் பாதுகாப்பாயாக! நாங்கள் கொடுக்காமல் விட்ட கூலிகளைக் கொடுத்துத் தீர்க்கும் பாக்கியத்தை மரணத்துக்கு முன் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.